‘சிக்கல்’ என்றொரு சொல்

மாத்தளையிலிருந்து வில்கமுவவுக்குப் போக விரும்புபவர் முதலில் இரத்தோட்டைக்கு வரவேண்டும். அங்கிருந்து தேயிலைச் சரிவுகளுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் பாதை ரிவர்ஸ்டன் உச்சியைத் தொட்டு, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறம் இலுக்கும்புரவுக்கு இறங்கி, லக்கலைப் பகுதியைக் கடந்து கடைசியில் ஹெட்டிபொலையை அடைகிறது. மலைக்கு இந்தப் பக்கம் மூடுபனியும் தோட்டத்து லயங்களும். அந்தப் பக்கம் வரண்ட வலயத்து வெயிலும் வயல்களும். வில்கமுவப் பிரதேசத்தின் கிழக்கே மகாவலி கங்கை ஓடுகிறது. பக்கத்திலே வஸ்கமுவ வனம். பொழுது சாய்ந்துவிட்டால் யானைக்கு அஞ்சி வீதியில் இறங்கத் தயங்கும் சிங்கள விவசாயக் குடும்பங்களே அங்கே பெரும்பாலும் வாழ்கின்றன. ஒரே மாவட்டத்துக்குள் ஒரு மலையின் இரு பக்கங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணும் நாற்று நடும் சிங்களப் பெண்ணும் வாழ்கிறார்கள். இருவருக்கும் பொதுவானவை சில உண்டு. பெரிய வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு நாட்கூலியை இழந்தே ஆகவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

பெண்களுக்குச் செய்யப்படும் கருத்தடைச் சத்திரசிகிச்சையின் கேடுகளைப்பற்றிப் பேச வந்தவன் பாதையை வருணிப்பானேன் என்று வாசகர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. அந்தச் சத்திரசிகிச்சையின் மிகப் பெரிய ஆபத்து பெரும்பாலும் மேசையின்மேல் வெளிப்படுவதில்லை. வீட்டுக்கு வந்தபின்னரே வெளிப்படுகிறது. முதல்நாள் வலி இயல்பானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் நாள் வயிறு உப்புகிறது, வாந்தி வருகிறது. மூன்றாம், நான்காம் நாள் காய்ச்சல் ஏறுகிறது. அப்பொழுது அவள் எங்கே இருக்கிறாள், யாரிடம் சொல்லமுடியும், சொன்னால் அவர் நம்புவாரா, நம்பினால் வண்டி கிடைக்குமா என்பவையே அவளுடைய உயிரைத் தீர்மானிக்கின்றன. வைத்திய நூல்கள் இவற்றைத் தமது நோய்க் காரணங்களோடு சேர்த்து எழுதுவதில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2016 செப்டெம்பர் 14ஆம் திகதி வழங்கிய ஒரு தீர்ப்பை அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்தேன். தேவிகா பிஸ்வாஸ் என்ற சுகாதார உரிமைச் செயற்பாட்டாளர் தொடுத்த பொதுநல வழக்கில் நீதிபதிகள் மதன் லோக்கூரும் உதய் லலித்தும் அளித்த தீர்ப்பு அது. நாடகத்தையும் நாவலையும் விமரிசிக்கும் இப்பக்கங்களில் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்கு என்ன வேலை? எழுத்தாகிவிட்ட எதுவும் விமரிசனத்துக்கு உரியதுதான். அதிலும், ஏழைப் பெண்களின் உடலைப்பற்றி ஆட்சியாளரும் வைத்தியரும் சட்டத்தரணிகளும் எழுதும் எழுத்து எந்த நாவலையும்விட அதிகமான மனிதரின் வாழ்வைத் தொடுகிறது. அதில் எந்தச் சொல் எங்கே போடப்பட்டிருக்கிறது, யாருடைய குரல் உள்ளே வந்திருக்கிறது, யாருடைய குரல் வெளியே நிற்கிறது என்று பார்ப்பது நமது தொழிலுக்குப் புறம்பானதன்று.

வழக்கின் தொடக்கம் பீகாரில் இருக்கிறது. 2012 ஜனவரி 7ஆம் திகதி இரவு, அராரியா மாவட்டத்துக் கபர்போரா என்ற ஊரின் அரசாங்கப் பாடசாலை ஒன்றில், 53 பெண்களுக்கு இரண்டு மணி நேரத்தில் ஒரே வைத்தியர் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார். மாணவர் எழுதும் மேசைகளே சத்திரசிகிச்சை மேசைகள், வெளிச்சத்துக்கு மின்சூள். ஓடும் நீர் இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி மூன்று மாதக் கர்ப்பிணி. அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, கரு கலைந்தது. இரண்டு மணி நேரத்தை ஐம்பத்துமூன்றால் பிரித்துப் பாருங்கள். ஒருத்திக்கு இரண்டேகால் நிமிடம். ஒரு பாடசாலையில் நடந்த காரியத்தைப் பாடசாலைக் கணக்கால் அளப்பதில் தவறில்லையே!

வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அதைவிடக் கொடியது ஒன்று நடந்தது. 2014 நவம்பர் 8ஆம் திகதி, சத்தீஸ்கர் மாநிலத்தில் பிலாஸ்பூருக்கு அருகே, பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த தனியார் வைத்தியசாலைக் கட்டடம் ஒன்றில் முகாம் நடத்தப்பட்டது. சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. வைத்தியர் ஒருவர், வயிற்றுக்குள் செலுத்தும் லப்பரஸ்கோப் என்னும் குழாய்க் கருவியும் ஒன்று. பெண்கள் பெரும்பாலும் தலித்துகள், ஆதிவாசிகள், பிற்படுத்தப்பட்ட சாதியினர். வயதோ இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும். சத்திரசிகிச்சை முடிந்ததும் கையில் மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் முதல் ஒவ்வொருவராக வாந்தியோடும் வயிற்று வலியோடும் திரும்பத் தொடங்கினார்கள். இரு நாள் கழித்துக் கௌரேலாப் பகுதியில் நடந்த இன்னொரு முகாமில் ஆதிவாசிப் பெண் ஒருத்தி பலியானாள். எல்லாவற்றையும் சேர்த்து இறந்தவர்கள் பதின்மூவர். அந்த முகாமை நடத்திய வைத்தியரை ஐம்பதாயிரம் சத்திரசிகிச்சைகளைச் செய்தமைக்காக அதே ஆண்டு ஜனவரியில்தான் மாநில அரசாங்கம் கௌரவித்திருந்தது.

பின்னர் எழுந்த விவாதத்தைக் கவனிக்கவேண்டும். மாத்திரையில் நஞ்சு இருந்தது, எலிப் பாஷாணத்தில் சேர்க்கும் சிங்க் பொஸ்பைட் கலந்திருந்தது என்றனர் அதிகாரிகள். இல்லை, கருவி வழியாகப் பரவிய தொற்றே காரணம் என்றனர் வேறு சிலர். வைத்தியர் ஒருவர் கைதானார். மருந்து உற்பத்தியாளர் கைதானார். பத்திரிகைகள் நாள்தோறும் ‘மாத்திரையா, கத்தியா?’ என்று எழுதின. ஒரு துப்பறியும் கதைபோல அது நடந்தது. ஆனால் துப்பறியும் கதையில் குற்றவாளி ஒருவனாகத்தான் இருக்கவேண்டும். அவன் பிடிபட்டதும் கதை முடிந்துவிடவேண்டும். அந்த அமைப்பு ஆட்சியாளருக்கு எவ்வளவு வசதியானது! மாத்திரை கெட்டதென்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 83 பெண்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது? அது மாத்திரையன்று.

இந்த இடத்தில் அந்தச் சத்திரசிகிச்சை என்னவென்று சற்று விளக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நம்மவர் பலர் இதைப்பற்றி ஆவேசமாகப் பேசுகிறார்கள். அறிந்து பேசுபவர் குறைவு.

கருப்பையின் இரு பக்கமும் உள்ள பலோப்பியன் குழாய்களின் வழியே முட்டை இறங்குகிறது. அவற்றைக் கட்டி வெட்டிவிட்டாலோ, வளையம் போட்டு இறுக்கிவிட்டாலோ கரு உண்டாவதில்லை. இலங்கை வைத்தியசாலைகளில் இதற்கு எல். ஆர். டி. என்று பெயர், லயத்தில் ‘ஒப்பரேசன்’ என்றாலே போதும், எதுவென்று விளங்கிவிடும். குழந்தை பிறந்த ஓரிரு நாட்களுக்குள் தொப்புளுக்குக் கீழே சிறிதாகக் கீறிச் செய்வது ஒரு முறை. பிரசவத்தோடு சேராத காலத்தில் அடிவயிற்றில் சிறிது கீறியோ, லப்பரஸ்கோப் வழியாகவோ செய்வது மற்ற முறை. லப்பரஸ்கோப் முறையில் முதலில் ஓர் ஊசியைப் பாய்ச்சி வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்புகிறார்கள்; வயிற்றுச் சுவர் மேலெழும்பி உள்ளுறுப்புகளிலிருந்து விலகியதும் கூரிய குழாயை உட்செலுத்திக் கருவியை நுழைக்கிறார்கள். ஊசியும் குழாயும் கண் காணாத இருட்டில்தான் உள்ளே போகின்றன. கை பழகியவராயினும், சிறிது தவறினால் குடல் துளைபடலாம்; பெருநாடி கிழியலாம். நாடி கிழிந்தால் அப்பொழுதே தெரிந்துவிடும். குடலில் விழுந்த சிறு துளை தெரியாது. அது மெல்லக் கசிந்து, வயிற்றறை முழுதும் சீழ்பிடித்து, மூன்று நான்கு நாட்களுக்குப் பின்னரே தன்னை அறிவிக்கும். மயக்கமருந்தின் அளவு கூடினால் மூச்சு அடங்கிவிடும். 1980ஐ ஒட்டி வங்காளதேசத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை மரணங்களை ஆராய்ந்தபோது மயக்கமருந்தின் மிகையே முன்னணிக் காரணமாகக் காணப்பட்டது. அடுத்து வந்தவை ஏற்புவலியும் உட்குருதிப் பெருக்கும். ஏற்புவலி என்பது சுத்தமின்மையின் மறுபெயர்.

வாயு ஏன் காபனீரொட்சைட்டாக இருக்கவேண்டும்? அது குருதியில் எளிதாகக் கரைந்துவிடும். தற்செயலாக நாளத்துக்குள் புகுந்தாலும் உயிரைக் குடிப்பது அரிது. சாதாரணக் காற்று அப்படிக் கரைவதில்லை. குமிழாகப் போய் இதயத்தையோ நுரையீரலையோ அடைத்துவிடக்கூடும். பிலாஸ்பூர் நிகழ்ச்சி நடந்து ஒரு மாதமும் ஆகுமுன், ஒடிசாவின் அங்குல் மாவட்டத்தில் ஒரு முகாமில் 56 பெண்களின் வயிற்றைச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பினால் ஊதிய செய்தி வெளிவந்தது. யாரும் சாகவில்லை என்று சமாதானம் சொல்லப்பட்டது. சாகவில்லை என்பதும் கேடு விளையவில்லை என்பதும் ஒன்றல்ல என்பதை அந்தப் பதில் மறந்துவிட்டது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒருத்தியின் வயிற்றிலிருந்து எடுத்த கருவியை அடுத்தவளின் வயிற்றில் நுழைக்குமுன் கிருமிநாசினித் திரவத்தில் இருபது நிமிடம் அமிழ்த்தி வைக்கவேண்டும் என்பது விதி. இந்திய அரசாங்கத்தின் சொந்த வழிகாட்டலே ஒரு வைத்தியர் குழு ஒரு நாளில் முப்பதுக்கு மேல் செய்யலாகாது, அதற்கும் மூன்று கருவிகள் வேண்டும் என்று சொல்கிறது. பிலாஸ்பூரில் கருவி ஒன்று, பெண்கள் எண்பத்துமூவர். அமிழ்த்தி வைப்பதற்கு மாத்திரமே இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். முழு வேலையும் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கிறது. விசாரணைக் குழு வரும்வரை காத்திருக்கவேண்டிய புதிர் இதில் ஏதும் இல்லை.

ஆகவேதான் ‘சிக்கல்’ என்ற சொல்லின்மேல் எனக்குச் சந்தேகம். அறிக்கைகளில் ‘சத்திரசிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்கள்’ என்று எழுதப்படும்பொழுது, அச்சொல் பெண்ணின் உடலுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. உடலில் எதுவோ நேர்ந்துவிட்டது. நூல் தானாகச் சிக்கிக்கொண்டதுபோல. சிக்கவைத்த கை மறைந்துவிடுகிறது. அந்தக் கை வைத்தியருடையது மாத்திரமா? ஆண்டு முடிவதற்குள் இத்தனை என்று தொகை குறித்தவர், தொகையை நிறைவேற்றிய ஊழியருக்குப் பணமும் நிறைவேற்றாதவருக்கு வசையும் கொடுத்தவர், வயிற்றைக் கீறிக்கொள்ளச் சம்மதித்த பெண்ணுக்குச் சில நூறு ரூபாயை நீட்டியவர், இவர்களெல்லாம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். இலக்கு என்று பெயரிடாமல் ‘எதிர்பார்க்கப்படும் அளவு’ என்று பெயரிட்டால் குற்றம் கரைந்துவிடும் என்பது கந்தோர்களின் நம்பிக்கை. இந்த மறைமுக இலக்கை அந்தத் தீர்ப்பு தெளிவாகக் கண்டுகொண்டது என்பதை மனமாரப் பாராட்டவேண்டும். முறையான இலக்கு வைக்காவிட்டாலும் முறைசாரா இலக்கும் வைக்கலாகாது என்று அரசாங்கங்களுக்குச் சொன்னது. சம்மதப் பத்திரம் அவரவர் மொழியில் இருக்கவேண்டும், பெண்ணுக்கு எடுத்து விளக்கவேண்டும் என்றது. முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் முற்றாகக் கைவிடச் சொன்னது. 2010 முதல் 2013 வரையில் இந்தியாவில் 363 மரணங்கள் இச்சத்திரசிகிச்சையோடு தொடர்புபட்டவையாகப் பதிவாகியிருந்ததையும் சுட்டிக்காட்டியது. இனவிருத்தி உரிமை உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அது எழுதியதைச் சிறிதாக மதிக்கக்கூடாது.

ஆயினும் அந்தத் தீர்ப்பைப் படித்து முடிக்கையில் ஒரு குறை நெஞ்சில் நிற்கிறது. அது முகாமைப் பார்த்தது. முகாமுக்குப் பெண்ணே ஏன் வருகிறாள் என்ற கேள்வியின் அருகில் போய்த் திரும்பிவிட்டது. ஆணுக்குச் செய்யும் கருத்தடை வயிற்றறையைத் திறப்பதில்லை. பொது மயக்கம் வேண்டியதில்லை. சிறிது நேரத்தில் எழுந்து நடந்து போகலாம். வைத்திய நியாயத்தைக் கொண்டு பார்த்தால் ஆண்களே பெரும்பான்மையாக இருக்கவேண்டும். ஒரு காலத்தில் இருந்தார்கள். 1971 ஜூலையில் கேரளத்து எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் அறுபத்துமூவாயிரம் ஆண்களுக்குமேல் கருத்தடை செய்துகொண்டார்கள். பின்னர் நெருக்கடிநிலை வந்தது. 1976-77ஆம் ஆண்டில் எண்பத்திரண்டு இலட்சம் பேருக்குமேல் கருத்தடை செய்யப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ நாலில் மூவர் ஆண்கள். பிடித்து இழுத்துப் போனார்கள், கூலியை நிறுத்தினார்கள், பங்கீட்டு அட்டையைப் பறித்தார்கள். ஷா விசாரணைக் குழு 1,774 மரணங்களைப் பதிவு செய்தது. 1977 தேர்தலில் வட இந்தியா அந்த ஆட்சியைத் தூக்கியெறிந்தது.

ஆட்சியாளர் அதிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள். இலக்கு தவறு என்றோ, பலாத்காரம் தவறு என்றோ அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை. ஆணைத் தொட்டால் வாக்கு போய்விடும் என்று கற்றுக்கொண்டார்கள். முகாம் அப்படியே இருந்தது. மேசையில் கிடத்தப்படும் உடல் மாத்திரம் மாறியது. 2019-21 காலத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் இச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர்கள். ஆண் கருத்தடையைச் சார்ந்திருப்போர் நூற்றுக்கு 0.3. எளிய சத்திரசிகிச்சையைக் கைவிட்டுக் கடினமானதை நாடு முழுவதும் மலிவாகவும் விரைவாகவும் செய்யப் புறப்பட்டதற்கு வைத்தியக் காரணம் ஒன்றுமில்லை. பிலாஸ்பூர்ப் பெண்களின் வயிற்றில் நேர்ந்த ‘சிக்கல்’ முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு வாக்குப்பெட்டியின் அருகில் தொடங்கிவிட்டது. நீதிமன்றம் அங்கே போகமுடியாது என்று சொல்லலாம். விமரிசகன் போகலாம்.

இப்பொழுது மலைக்கு இந்தப் பக்கம் வருவோம். இலங்கையின் நிலை வேறு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். இங்கே மருத்துவமாதுக்களின் சேவை கிராமம்தோறும் வேரூன்றியது. பிரசவங்கள் ஏறக்குறைய அனைத்தும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. பாடசாலை மேசையில் கிடத்தும் வழக்கம் இல்லை. ஆயினும் 1980களில் கருத்தடை செய்துகொள்பவருக்கு 500 ரூபாய் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு அது பல வாரக் கூலி. நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டங்களில் பெண் கருத்தடை மிக உயர்ந்த விகிதத்தில் இருப்பதை நாட்டின் ஆய்வுகள் பன்முறை காட்டியிருக்கின்றன. தற்காலிக முறைகள் லயங்களை எட்டுமுன்னர் நிரந்தர முறை எட்டிவிட்டது. மானுடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் வெளியிட்ட ஆய்வு, தோட்டங்களில் ஆலோசனைக்கும் நெருக்குதலுக்கும் இடையிலுள்ள கோடு எப்படி அழிந்துபோகிறது என்று எழுதியது. வைத்தியம் பார்ப்பவரும், பேற்றுக்கால உதவிக்குக் கையொப்பமிடுபவரும், பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் சேர்ப்பவரும் ஒரே நிர்வாகத்தின் ஆட்களாக இருக்கும் இடத்தில் ஒரு பெண் சொல்லும் ‘சரிங்க’ என்ற சொல்லை எடைபோடுவது எளிதன்று.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் உடனே ஓர் இனத்தை அழிக்கும் சதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், பிள்ளைத் தொகை குறைந்தது முன்னேற்றம்தானே என்று கைகழுவிவிடுகிறார்கள். இரண்டாவது கூட்டத்தில் நமது முற்போக்காளரும் இருந்தார்கள் என்பது வெட்கத்துக்குரியது. அளவான குடும்பத்தைப் பகுத்தறிவின் வெற்றியாகப் பாடிய நாட்களில், அந்த அளவை யாருடைய வயிற்றில் யார் எடுக்கிறார்கள் என்று கேட்க நாம் தவறிவிட்டோம். முதற் கூட்டத்தாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பெண்களில் மிகப் பலர் இனிப் பிள்ளை வேண்டாம் என்று தாமே தீர்மானித்தவர்கள். நாலாவது பேற்றில் செத்துப்போன தாயைக் கண்டவர்கள். அவர்களிடமிருந்து இந்தச் சத்திரசிகிச்சையைப் பறிப்பதும் பலாத்காரமே. வசதியான வைத்தியசாலையில், தேர்ந்த கைகளில், போதிய நேரம் எடுத்துச் செய்தால் இது மிகப் பாதுகாப்பான சத்திரசிகிச்சைகளில் ஒன்று. என் வழக்கு கத்தியின்மேல் அன்று, கடிகாரத்தின்மேல்.

வதந்தி உண்மையை எப்படி விழுங்கும் என்பதற்கு இந்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் ‘மலட்டு மாத்திரை’ கலக்கப்படுவதாகக் கிளப்பிவிட்டு கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். உணவில் கலந்து மலடாக்கும் அத்தகைய மாத்திரை உலகத்திலேயே இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம், குருணாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பௌத்தத் தாய்மாருக்குச் சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு நாளேடு முதற்பக்கத்தில் எழுதியது. அவர் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாட்டோடு வந்தார்கள். குற்றப் புலனாய்வினர் ஆராய்ந்து ஆதாரம் எதுவும் இல்லை என்று நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார்கள். பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார்.

அந்த முறைப்பாடுகளைப் பொய் என்று தள்ளிவிட்டுப் போவது எளிது. வைத்தியர் குற்றமற்றவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெண்களின் அச்சம் எங்கிருந்து வந்தது? தன் வயிற்றைத் திறந்தபோது உள்ளே என்ன செய்தார்கள் என்பதை அறியாத பெண்ணிடம்தான் அத்தகைய வதந்தி எடுபடும். சிசேரியன் முடிந்து வீடு வந்த எத்தனை பெண்களுக்குத் தம் சீட்டில் எழுதியிருப்பது என்னவென்று விளங்குகிறது? இனவாதி அந்த அறியாமையைக் களவாடித் தன் கொடியில் கட்டிக்கொண்டான். வில்கமுவச் சிங்களத் தாய்க்கு முஸ்லிம் வைத்தியரைப்பற்றிய பயத்தைக் கொடுத்தார்களேயன்றித் தன் உடலைப்பற்றிய அறிவைக் கொடுக்கவில்லை.

உடலைப்பற்றிய அறிவில் ஒரு முக்கியமான பகுதி, இந்தச் சத்திரசிகிச்சையும் தவறக்கூடும் என்பது. அமெரிக்காவில் 10,685 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கு 18.5 பேர் கருவுற்றார்கள். அப்படி உண்டான கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயிலேயே தங்கியது. குழாய் வெடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும். ‘ஒப்பரேசன் செய்தாயிற்று’ என்ற நம்பிக்கையினால் மாதவிலக்குத் தள்ளிப்போனதை அவள் பொருட்படுத்துவதில்லை, வைத்தியசாலையிலும் சந்தேகிப்பதில்லை. அதே ஆய்வின் தொடர்ச்சியில், முப்பது வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ளபோது செய்துகொண்டவர்களில் ஐவரில் ஒருவர் பின்னாளில் வருந்தியதாகக் காணப்பட்டது. பிள்ளை இறந்துபோனவளும், மறுமணம் செய்துகொண்டவளும் அதில் அடக்கம். பிலாஸ்பூர்ப் பெண்களின் வயதை இங்கே மீண்டும் நினைவூட்டவேண்டியதில்லை.

தவறிப் பிறந்த பிள்ளைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்துக்கே இருமுறை போயிற்று. ஹரியானாவில் ஏழு பிள்ளைகளைப் பெற்ற ஒரு கூலிப்பெண்ணுக்கு ஒரு பக்கக் குழாயில் மாத்திரம் சத்திரசிகிச்சை செய்துவிட்டு, இனிப் பிள்ளை பிறக்காது என்று அனுப்பியிருந்தார்கள், எட்டாவது பிறந்தது. 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் அந்தப் பிள்ளையை வளர்க்கும் செலவை அரசாங்கமே ஏற்கவேண்டும் என்றது. 2005இல் வேறொரு வழக்கில், இயல்பாகவே குழாய் மீண்டும் இணைந்துவிடக்கூடும், ஆகவே பிள்ளை பிறந்தது மாத்திரமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்று தீர்த்தது. இரண்டும் சட்டப்படி நியாயமானவையே. ஆனால் இரண்டாவது தீர்ப்பின் நியாயம், இந்தச் சத்திரசிகிச்சை தவறக்கூடும் என்பதை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லியிருந்தால்தான் முழுமை பெறுகிறது. பெருவிரல் ரேகை பதித்த ஒரு தாள் ‘சொன்னோம்’ என்று சாட்சி கூறுகிறது. சொன்னவர் எந்த மொழியில் சொன்னார், எவ்வளவு நேரம் சொன்னார் என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை.

நமது எழுத்தாளரிடமும் ஒரு கேள்வி. மலட்டுத் தன்மையை எண்ணி ஏங்கும் பெண்ணைப்பற்றி எத்தனையோ கதைகள் படித்திருக்கிறேன். கருத்தடை செய்துகொண்டு எட்டாம் நாள் கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும் பெண், அடிவயிற்றுக் குத்தலை ஒருவருக்கும் சொல்லாமல் நிறை குறைந்ததற்காகத் திட்டு வாங்கும் பெண், நான் படித்த கதைகளில் அரிதாகவே வருகிறாள். ‘சாதாரண வலி’ என்று வைத்தியரும், ‘வேலைக்குக் கள்ளம்’ என்று கணக்கப்பிள்ளையும், ‘உனக்குத்தான் இப்படி’ என்று மாமியாரும் சொல்லும் மூன்று வாக்கியங்களுக்கிடையில் ஒரு நாவலே கிடக்கிறது.

தென்னமெரிக்காவில், பெரு நாட்டின் காஹமார்க்கா மலைப்பகுதியில் 1998இல் நடந்தது அந்த நாவலின் கடைசி அத்தியாயமாகலாம். புஜிமோரி ஆட்சி இரண்டு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்கு, பெரும்பாலும் மலைவாழ் ஆதிக்குடிகளுக்கு, கருத்தடை செய்த காலம். ஏழு பிள்ளைகளின் தாயான ஒருத்தியிடம், ஐந்துக்குமேல் பெற்றால் தண்டம், சிறை என்று மிரட்டிச் சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கவைத்தார்கள். மறுநாளே வாந்தியும் தலைவலியும் இருக்க வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவன் பலமுறை சுகாதார நிலையத்துக்கு நடந்தான். மயக்கமருந்தின் வேகம் இன்னும் இறங்கவில்லை, சரியாகிவிடும் என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஒன்பதாம் நாள் அவள் வீட்டிலே இறந்தாள். 2003இல் பெரு அரசாங்கம் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது.

காஹமார்க்காவையும் வில்கமுவையையும் மலை காரணமாக ஒப்பிடத் தோன்றுகிறது. தூரமே கொலையாளி என்று நானே முதலிற் சொன்னேன். ஆனால் அதையும் திருத்திக்கொள்ளவேண்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் விதித்த மூன்றாண்டு 2019இல் முடிந்தது. 2022 ஆகஸ்ட் 25ஆம் திகதி தெலங்கானாவில் இப்ராஹிம்பட்டணம் என்ற ஊரின் அரசாங்க வைத்தியசாலையில் ஒரே நாளில் 34 பெண்களுக்கு லப்பரஸ்கோப் கருத்தடை செய்தார்கள். அங்கே மலையில்லை, யானையில்லை, கடக்கவேண்டிய கங்கையுமில்லை. தலைநகர் ஹைதராபாத்துக்கு அருகேயுள்ள, பஸ்கள் ஓயாமல் ஓடும் ஊர் அது. பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. ஐந்தாறு நாட்களுக்குள் நால்வர் இறந்தார்கள்.